நினைவஞ்சலியில் இடம் பெறாத மனிதர்

இன்றைய கருத்துக்களத்தின் தலைப்பு "குடும்பத்துக்காக உழைத்தவர்". தலைப்பைக் கேட்டதும் பலருக்குக் கண் கலங்கும். சிலருக்கு இதில் பேச என்ன இருக்கிறது, எல்லா அப்பாக்களும் அப்படித்தானே என்று தோன்றும்.

நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளில் தவறாமல் இடம் பெறும் ஒரு பகுதி நினைவஞ்சலி. அடையாளக் கார்டிலிருந்து பெரிதாக்கிய ஒரு படம். அதன் கீழே பிறப்பு, இறப்புத் தேதிகள், பிறகு இரண்டு மூன்று வரிகள். அன்பான கணவர், பாசமுள்ள தந்தை, கடின உழைப்பாளி, குடும்பத்தையே உயிராக நினைத்தவர். அதற்குக் கீழே மனைவி, மக்கள், மருமக்கள், பேரப் பிள்ளைகள். ஒரு பக்கத்தில் பத்து அஞ்சலிகள் இருந்தால் பத்திலும் ஏறக்குறைய இதே சொற்கள்தான் இருக்கும். படத்தை மட்டும் மாற்றிவிட்டால் எவருக்கும் பொருந்திவிடும்.

எழுதிய பிள்ளைகளை இதற்காகக் குறை சொல்ல முடியாது. வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, சடங்குகள் காத்திருக்கின்றன, விளம்பரத்துக்கு வார்த்தைக் கணக்கில் பணம். அந்த நேரத்தில் யாருக்கும் புதிதாக ஒன்றும் தோன்றாது. ஆனாலும் அந்த நான்கு சொற்களுக்குள் என்ன இருந்தது என்பதைப் பிள்ளைகளாவது தெரிந்து வைத்திருக்கிறார்களா? இந்த நிகழ்ச்சியில் பார்க்கப் போவது அதைத்தான்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பெயர் வேண்டாம். அவர் 1938-இல் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் போன்றவர்கள் சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், ஜொகூர், கெடா என்று எல்லா மாநிலத் தோட்டங்களிலும் இருந்தார்கள். இந்நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்களில் பாதிக்கு மேல் அவரைத் தாத்தா என்றோ அப்பா என்றோ அழைத்த குடும்பங்களாகத்தான் இருக்கும்.

அந்த 1938-ஆம் ஆண்டுக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு அந்த ஆண்டுதான் நிறுத்தியது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்த முறை அதோடு முடிந்தது. அவர் பிறந்த ஆண்டிலேயே பெற்றோரின் ஊருக்கும் அவருக்கும் இடையே ஒரு கதவு மூடிவிட்டது என்று சொல்லலாம். அவருக்கு நான்கு வயதாகும்போது ஜப்பான்காரன் காலம். தோட்டத்து ஆண்கள் பலரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. போனவர்களில் ஆயிரமாயிரம் பேர் திரும்பி வரவில்லை. சயாமுக்குப் போன அப்பாவைப் பற்றி வீட்டில் பேசாமலே வளர்ந்த பிள்ளைகள் நிறைய. பிறகு 1948-இல் அவசரகாலம் வந்தது. பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். இன்ன நேரத்துக்கு மேல் வெளியே போகக்கூடாது, வெட்டுக்குப் போகும்போது இவ்வளவுக்கு மேல் சாப்பாடு கொண்டுபோகக்கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு.

அவர் அதிகம் பேச மாட்டார், எப்போதும் ஏதோ யோசனையில் இருப்பார் என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. பேசினால் ஆபத்து என்ற காலத்தில் வளர்ந்தவர், நேயர்களே.

இனி "கடின உழைப்பாளி" என்ற சொல்லுக்கு வருவோம். எல்லா வேலைக்கும் பொதுவாகச் சொல்கிற சொல் அது. ஆனால் பால்மரம் வெட்டுவது எல்லா வேலையையும் போன்றதன்று.

விடியற்காலை மூன்றரை, நான்கு மணிக்கு எழ வேண்டும். ஐந்து மணி வாக்கில் பெரட்டு. பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் வாசிப்பார். பெயர் வாசிக்கும்போது அங்கு இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. பிறகு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குப் போக வேண்டும். இருட்டில் ஏன் போக வேண்டும் என்று நகரத்தில் வளர்ந்த பிள்ளைகள் கேட்பதுண்டு. குளிர்ந்த நேரத்தில்தான் மரப்பட்டைக்குள் பால் அழுத்தத்தோடு இருக்கும். வெயில் ஏற ஏற மரம் நீரை இழக்கும், பால் ஓட்டம் குறையும். எட்டு மணிக்கு வெட்டுகிறவருக்கும் ஐந்தரை மணிக்கு வெட்டுகிறவருக்கும் ஒரே மரம் ஒரே அளவு பால் கொடுக்காது. வாளியில் குறைந்தால் சம்பளத்திலும் குறையும்.

ஒருவருக்கு ஏறக்குறைய 500 மரங்கள். நான்கு மணி நேரத்தில் வெட்டி முடிக்க வேண்டும் என்றால் ஒரு மரத்துக்கு அரை நிமிடம்கூடக் கிடையாது, அதுவும் மரத்துக்கு மரம் நடக்கும் நேரத்தையும் சேர்த்து. அந்த நேரத்துக்குள் நேற்று உறைந்த பாலை வெட்டுக் கோட்டிலிருந்து உரித்தெடுக்க வேண்டும், மங்கைத் துடைத்து வைக்க வேண்டும், இடமிருந்து வலமாகச் சரிவாகப் பட்டையைச் சீவ வேண்டும். சீவுகிற பட்டையின் கனம் ஒரு மில்லிமீட்டர், அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடினால் கத்தி மரத்தில் பட்டுக் காயமாகும். காயம் பட்ட இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்டவே முடியாது. மண்டோர் வந்து பார்த்தால் ஏச்சுதான். இவ்வளவும் தலை விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், பாம்பு இருக்குமோ என்ற பயத்தில்.

ஒரு மருத்துவர் அறுவைச் சிகிச்சையில் ஒரு மில்லிமீட்டர் கணக்குப் பார்த்தால் அதைத் திறமை என்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அதே கணக்கை ஒரு காலையில் 500 முறை பார்த்தார். அவருக்குக் கிடைத்த பெயர் கூலி. ஆண்டுக்கு 250 நாள் வெட்டு என்று வைத்துக்கொண்டாலும் 1,25,000 வெட்டு ஆகிறது. முப்பது ஆண்டுகளில் 37 லட்சத்து 50 ஆயிரம். நினைவஞ்சலியில் எழுதுகிற "கடின உழைப்பாளி" என்பதன் கணக்கு இது.

வெட்டு முடிந்தால் வேலை முடிந்ததா? இல்லை. பால் ஓடி முடியும்வரை காத்திருந்து, மறுபடியும் அதே 500 மரத்துக்கும் நடந்து மங்கிலிருந்து வாளியில் ஊற்ற வேண்டும். இரண்டு வாளியையும் காண்டாவில் மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வர வேண்டும். அங்கே நிறுப்பார்கள், பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தத் தலைமுறை ஆண்களின் தோளைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காண்டா வைத்த இடம் காய்ப்புக் காய்த்துக் கல்லாக இருக்கும்.

மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வழிந்தோடிவிடும், அன்று வெட்டு இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை மரம் இலை உதிர்க்கும் காலத்தில் பால் வற்றும். அப்போதெல்லாம் சம்பளமும் வற்றும். ஆகவே இரவில் கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் குளிருக்கு இதமாகப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். அவர் விழித்துக்கொண்டு கிடப்பார். மளிகைக் கடைக் கணக்குப் புத்தகத்தில் இந்த மாதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மனத்துக்குள் கூட்டிக்கொண்டிருப்பார்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். சிலாங்கூரில் பெராங் புசார் என்று ஒரு தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய தோட்டம். பெயருக்குப் பொருளே பெரிய போர் என்பதுதான். அங்கே தேர்ந்தெடுத்து ஒட்டுக் கட்டி உருவாக்கிய ரப்பர் ரகங்களுக்குத் தோட்டத்தின் முதல் எழுத்துகளையே பெயராக வைத்தார்கள். பி.பி.86, பி.பி.260 என்றால் ரப்பர் பயிரிடும் நாடுகளில் தெரியாதவர் இல்லை. கேரளத்து ரப்பர் விவசாயிக்கும் தெரியும். எந்த மரம் அதிகம் பால் தருகிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள்? மரம் மரமாக வெட்டி, மங்கு மங்காக அளந்துதான். ஆய்வாளர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. கத்தி பிடித்த கைகளுக்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை.

அடுத்து "குடும்பத்தையே உயிராக நினைத்தவர்" என்ற வரி. அந்தத் தலைமுறை அப்பாக்கள் பிள்ளைகளைக் கட்டிப் பிடித்து அன்பைக் காட்டியவர்கள் அல்லர். "சாப்பிட்டியா?" என்று கேட்பார்கள், அதோடு சரி. அவர்களின் பாசம் வேறு இடத்தில் இருந்தது. எங்கே என்று பாருங்கள்.

1957-இல் சுதந்திரம் வந்தது. நம்மவருக்கு அப்போது வயது 19. இந்த மண்ணிலேயே பிறந்தவர்தான், ஆனால் அது மட்டும் போதாது. சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை பிறப்பிலேயே கிடைத்தது. அதற்கு முன் பிறந்த பலர் மனுப் போட்டுப் பதிய வேண்டியிருந்தது. முதல் ஓராண்டுக்கு மலாய் மொழித் தேர்வு வேண்டாம் என்ற சலுகை இருந்தது. செய்தி தெரிந்தவர்கள் ஓடினார்கள். தெரியாதவர்கள், ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று தள்ளிப் போட்டவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றுவிட்டார்கள். அதன் விலை 1969-இல்தான் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தபோது, தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். பலருக்கு அது பார்த்தே இராத ஊர்.

நம்மவர் அந்தக் கப்பலில் ஏறவில்லை. 1958-இல் ஒரு நாள் வெட்டை விட்டுவிட்டு, இரவல் சட்டையோடு பட்டணத்துக்குப் பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, எழுத்தர் கேட்ட கேள்விகளுக்குக் கைகட்டிப் பதில் சொல்லி, மனுவில் கைநாட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு நாள் சம்பளம் போனதுதான். அவருடைய பிள்ளைகள் கையில் இன்று நீல அடையாளக் கார்டு இருப்பதற்கு அந்த ஒரு நாளும் ஒரு காரணம். வீட்டில் இதை அவர் சொன்னதே இல்லை. பிள்ளைகளும் கேட்டதில்லை.

1951-இல் ஊழியர் சேமநிதி வாரியம் வந்தது. தொடக்கத்தில் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு ஐந்து, முதலாளி ஐந்து. சம்பளமே சொற்பம், அதில் ஐந்து காசைப் பிடித்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். 1954-இல் தோட்டத் தொழிலாளர்கள் தேசிய அளவில் ஒரே சங்கமாகத் திரண்டார்கள். பி.பி.நாராயணன் அதை நடத்தினார். சந்தா கட்ட வேண்டும். அதன் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள், தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், நீங்களே பங்கு போட்டுத் தோட்டத்தை வாங்குங்கள் என்றார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அப்படித்தான் வாங்கினார்கள். அந்தப் பங்குக்கும் பணம் கட்ட வேண்டும்.

சேமநிதி, சங்கச் சந்தா, நிலநிதிப் பங்கு, கோயில் வரி, கூட்டுப் பணம். இவை எல்லாம் போக மீதிதான் சோறு. நாளைக்கு என்று எடுத்து வைக்கத் தெரியாத சமூகம் என்று நம்மைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் அந்தச் சம்பளச் சீட்டை ஒரு முறை பார்க்க வேண்டும்.

படிப்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிந்தால், பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் நேராக ஒன்றாம் படிவத்துக்குப் போக முடியாது, புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டும். அந்த ஓராண்டு பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டுதான். தோட்டத்துப் பிள்ளைக்கு அது பஸ் காசு, சப்பாத்து, வெள்ளைச் சட்டை, பதினெட்டு வயதில் சம்பாதிக்க வேண்டியவன் பத்தொன்பது வயதில் சம்பாதிப்பது. எத்தனையோ வீடுகளில் அந்த இடத்தில்தான் படிப்பு அறுந்தது. சில வீடுகளில் அறுந்துவிடாமல் ஒரு மனிதர் பிடித்துக்கொண்டார். மதியம் வெட்டு முடிந்து வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் புல் வெட்டப் போனார், மாடு வளர்த்தார், லயத்துப் பின்புறத்தில் மரவள்ளியும் கீரையும் போட்டார். மாடு விற்ற காசு கல்லூரிக் கட்டணமானது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவரை ஒரு சாமியாக்கிப் படத்தில் மாட்டிவிடக் கூடாது, நேயர்களே. அதுவும் ஒரு வகையில் அவரை மறப்பதுதான். தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்தது. சம்பள நாளில் அந்தப் பக்கம் போகாத ஆண்கள் குறைவு. குடித்துவிட்டு வந்து சட்டியை உடைத்தவர்கள் இருந்தார்கள், கை நீட்டியவர்களும் இருந்தார்கள். இறந்தவரைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்பது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த வீட்டில் அடி வாங்கியவர் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது "உத்தமர்" என்று மட்டும் பேசினால் அவருக்கு எப்படி இருக்கும்? உழைத்தார், குடித்தார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார், மனைவியை அழ வைத்தார் என்ற நான்கும் உண்மையாக இருக்கிற வீடுகள் பல. நான்கையும் சேர்த்துச் சொல்லும் துணிவு பிள்ளைகளுக்கு இருந்தால் அந்த மனிதர் முழுதாகக் கிடைப்பார்.

அந்த மனைவியைப் பற்றித்தான் அஞ்சலியில் ஒன்றுமே இருப்பதில்லை. "இவண் மனைவி" என்று பெயர் மட்டும். பெரட்டுக் களத்தில் அவரும் நின்றார். பக்கத்து நிரையில் அவரும் மரம் வெட்டினார், அவரும் வாளி சுமந்தார். கணவர் நான்கு மணிக்கு எழுந்தார் என்றால் அவர் மூன்று மணிக்கு எழுந்து சோறு ஆக்கி வைத்துவிட்டு, தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு அதே பெரட்டுக்கு வந்தார். குடும்பத்துக்காக உழைத்த ஒருவரைப் பற்றிய நிகழ்ச்சி இது. ஒருவர் என்று தலைப்பில் இருப்பதே முழு உண்மையில்லை.

1970-களிலும் 80-களிலும் ரப்பரை அழித்துவிட்டுச் செம்பனை போட்டார்கள். கத்தி பிடித்த கை கொக்கியையும் உளியையும் பிடித்தது. நாற்பது வயதுக்கு மேல் புதுத் தொழில். பிறகு தோட்டமே போனது. பெராங் புசார் தோட்டம் இருந்த இடத்தில்தான் 1995-இலிருந்து புத்ராஜெயா எழுந்தது. அந்தத் தோட்டத்தையும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களையும் சேர்ந்த குடும்பங்களை 1990-களின் இறுதியில் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள். தரைவீடு கேட்டு அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த கதை பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். உலகம் முழுக்கப் போன ரப்பர் ரகங்களின் தோட்டத்தில் உழைத்த குடும்பங்களுக்கு, ஓய்வு காலத்தில் கிடைத்தது மாடிப்படி.

நம்மவருக்கு 1993-இல் வயது 55. சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. நாற்பது ஆண்டுச் சேமிப்பு. அதைக் கையில் வைத்துப் பார்த்திருப்பார். மகள் கல்யாணம் ஒன்று, மகன் வாங்கும் மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் ஒன்று. முடிந்தது. கடைசிவரை தன் பெயரில் ஒரு சாண் நிலம்கூட இல்லாமல், மகன் வீட்டு நான்காவது மாடியில், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனையோ பேர். மருமகளுக்கு அது தொந்தரவாக இருந்தது. "தூக்கம் வரலையா மாமா?" என்று கேட்டால், "பழகிப் போச்சும்மா" என்பார்.

இப்போது அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்பவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பேரப் பிள்ளைகள் பொறியியலாளர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவர்களாகவும் இருக்கிறார்கள். தாத்தா எந்தத் தோட்டத்தில் எந்த டிவிஷனில் வெட்டினார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 2025-இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதைப் போதாது என்று சொல்லும் பேரனுக்கும், மழை பெய்தால் சம்பளம் இல்லை என்று வாழ்ந்த தாத்தாவுக்கும் பேசிக்கொள்ள நிறைய இருக்கிறது. அவர்கள் பேசிக்கொள்வதில்லை என்பதுதான் வருத்தம்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். பெரட்டுக் களத்துக் கிராணி காதில் விழுந்தபடி பெயர் எழுதிய காலம் அது. ஒரே மனிதர் அடையாளக் கார்டில் ஒரு பெயராகவும், சேமநிதிக் கணக்கில் வேறொரு எழுத்தாகவும், மூத்த மகனின் பிறப்புப் பத்திரத்தில் மூன்றாவதாகவும், இளைய மகளின் பத்திரத்தில் தந்தை பெயருக்குப் பதில் தாத்தா பெயராகவும் இருப்பார். அவர் இருக்கும்வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை. இறந்த பிறகு நிலநிதிப் பங்கையோ வங்கிக் கணக்கையோ சேமநிதியில் மிச்சமிருப்பதையோ மாற்றப் போகும்போதுதான், இவர்தான் அவர் என்று யார் சொல்வது என்ற கேள்வி வரும். சேமநிதியில் வாரிசின் பெயரைப் பதியாமல் விட்டிருந்தால் அலைச்சல் இன்னும் கூடும். அந்த அலைச்சலுக்குப் பயந்து பணத்தை அப்படியே விட்டுவிட்ட குடும்பங்கள் உண்டு. நாற்பது ஆண்டு இருட்டில் நடந்து சேர்த்தது அது.

ஆகவே வீட்டில் பெரியவர் இருந்தால் இந்த வாரம் அவருடைய பழைய தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சிவப்பாகவோ நீலமாகவோ ஒரு பழைய அடையாளக் கார்டு இருக்கும், சங்க அட்டை இருக்கும், நிலநிதிச் சான்றிதழ் இருக்கும், மடித்து மடித்துக் கிழிந்த சம்பளச் சீட்டு இருக்கும். பால்வெட்டும் கத்தியைக்கூடத் துணியில் சுற்றி வைத்திருப்பார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, இது என்னப்பா, இதை எப்போது வாங்கினீர்கள் என்று கேளுங்கள். பெயர்களை ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டியதை அவரை அழைத்துக்கொண்டு போய்ப் பதிவு இலாகாவில் திருத்துங்கள். அவர் முதலில் "அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்பார். கத்தியைக் கையில் கொடுத்துப் பாருங்கள். பிடியை எப்படிப் பிடிக்க வேண்டும், கட்டை விரல் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிடுவார்.